விடாமல் போன பிடி: லினக்ஸ் கெர்னலில் சாவி மேலாண்மை நிரலைத் திருத்துவதும் சரிபார்ப்பதும்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் மூலநிரலில் 'செக்யூரிட்டி' அடைவுக்குள் 'கீஸ்' என்று ஓர் உள்ளடைவு இருக்கிறது. அங்கே பிராசஸ்_கீஸ்.சி என்ற கோப்பில், ஜாயின்_செஷன்_கீரிங் என்ற ஃபங்ஷனில், 2016 ஜனவரியில் ஒரே ஒரு வரி சேர்க்கப்பட்டது. கையில் இருக்கும் சாவிக்கொத்தின் (ரகசியச் சாவிகளைக் கெர்னல் தொகுத்து வைக்கும் பொருள்) மீதான பிடியை, அதாவது 'இதை நான் பயன்படுத்துகிறேன்' என்ற கணக்கை, விடச் சொல்லும் கீ_புட் அழைப்பு அது. 2013 பிப்ரவரியில் வந்த 3.8 பதிப்பு முதல் அந்த ஒரு வரி இல்லாததால், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் ரூட் என்ற முழு நிர்வாக அதிகாரத்தைப் பிடிக்க வழி திறந்து கிடந்தது. பர்செப்ஷன் பாயிண்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்த இந்த ஓட்டைக்குப் பாதுகாப்புப் பிழைகளின் பொதுப் பட்டியலான சிவிஇ தந்த எண் சிவிஇ-2016-0728.

ஒரு வரி விட்டுப்போனது யாரோ தூங்கிவிட்டதால் அல்ல. அந்த நிரலை எழுதியவர் கெர்னலை நன்கு அறிந்தவர். வாசித்தவர்களும் அப்படியே. ஆனாலும் கண்ணில் படாமல் தப்பியது. அது ஏன் என்று பார்த்தால், சாவி மேலாண்மை நிரலில் அடுத்தடுத்து வந்த மற்ற பிழைகளும் புரியும். அவற்றைத் திருத்துபவரும் சரிபார்ப்பவரும் எங்கே கண் வைக்க வேண்டும் என்பதும் தெரியும்.

சாவிக்கொத்து எதற்கு

இந்தப் பகுதி கெர்னலுக்குள் வந்தது 2004 இறுதியில், 2.6.10 பதிப்பில். எழுதியவர் ரெட் ஹேட்டின் டேவிட் ஹவல்ஸ். ஏஎஃப்எஸ் போன்ற வலைவழிக் கோப்பு முறைமையில் ஒரு கோப்பைத் திறந்தால், கெர்னல்தான் சர்வரிடம் பேசுகிறது. அனுமதிச் சீட்டையும் அதுவே காட்ட வேண்டும். ஆகவே சீட்டு கெர்னலின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், யாருடையது என்ற கணக்கோடு. இன்று அதே இடத்தில் வட்டு மறையாக்கத்தின் சாவிகள், கெர்னல் மாட்யூல்களின் கையொப்பத்தைச் சோதிக்கும் பொதுச் சாவிகள், டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லால் முத்திரையிடப்பட்ட சாவிகள் எல்லாம் இருக்கின்றன.

ஒரு சாவிக்கு வகை, பெயர், உள்ளடக்கம், உரிமையாளர், அனுமதிகள், காலாவதி நேரம் உண்டு. சாவிக்கொத்தும் ஒரு சாவிதான். அதன் உள்ளடக்கம் மற்ற சாவிகளுக்கான இணைப்புகள். ஒவ்வொரு பிராசஸுக்கும் (ஓடும் நிரல்), அதற்குள் ஓடும் இழையான திரெட்டுக்கும், செஷனுக்கும், பயனருக்கும் தனித்தனிக் கொத்துகள் இருக்கலாம். வெளியிலிருந்து வர மூன்றே வாசல்கள்: ஆட்_கீ, ரிக்வெஸ்ட்_கீ, கீசிடிஎல் என்ற மூன்று சிஸ்டம் கால்கள், அதாவது நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகள். சாதாரணப் பயனருக்கு இயல்பான வரம்பு 200 சாவிகள், மொத்தம் 20,000 பைட்.

அனுமதிகளில் ஒரு விசேஷம் உண்டு. கோப்புகளைப் போல உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூன்றோடு, 'வசம் வைத்திருப்பவர்' என்று நான்காவது ஒன்றும் இருக்கிறது. உங்கள் கொத்துகளிலிருந்து தேடிக்கொண்டே போய் ஒரு சாவியை எட்ட முடிந்தால் அது உங்கள் வசம். அதற்குரிய அனுமதிகளும் உங்களுக்குச் சேரும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

ஒரு சாவியை ஒரே நேரத்தில் பல இடங்கள் சுட்டும். அதனால் யார் அழிப்பது என்ற கேள்விக்கு எண்ணிக்கைதான் விடை. யூசேஜ் என்ற எண்ணில், பிடிக்கும்போது ஒன்று கூட்ட வேண்டும், விடும்போது ஒன்று கழிக்க வேண்டும். பூஜ்ஜியத்தைத் தொட்டதும் குப்பை சேகரிக்கும் வேலை முடுக்கப்பட்டு, அது சாவியின் இடத்தை விடுவிக்கும். இந்த வரவு செலவை மனிதர்தான் நிரலில் கையால் எழுதுகிறார். சி மொழி எந்த உதவியும் செய்யாது.

அந்தக் கிளையை அருகில் பார்ப்போம்

ஜாயின்_செஷன்_கீரிங் செய்வது எளிய வேலை. பயனர் ஒரு பெயரைத் தருகிறார், அந்தப் பெயரில் கொத்து இருந்தால் அதைச் செஷன் கொத்தாக்க வேண்டும், இல்லாவிட்டால் புதிதாக உருவாக்க வேண்டும்.

முதலில் பிராசஸின் அடையாளத் தகவல்களைப் பிரதி எடுக்கிறது. லினக்ஸில் இந்தத் தகவலை இருந்த இடத்திலேயே மாற்றக் கூடாது. பிரதியை மாற்றி, பிறகு மொத்தமாக நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது பிரதியைக் கைவிட வேண்டும். அடுத்து, ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் மியூட்டெக்ஸ் என்ற பூட்டைப் பூட்டுகிறது. பிறகு பெயரால் தேடும் ஃபங்ஷனை அழைக்கிறது. இங்கேதான் கவனம் வேண்டும். அந்தத் தேடல் ஃபங்ஷன் கொத்தைக் கண்டால் சும்மா திருப்பித் தராது, எண்ணிக்கையில் ஒன்று கூட்டித்தான் தரும். இனி அந்தப் பிடியை விடும் பொறுப்பு அழைத்தவருடையது.

தேடலுக்குப் பின் நான்கு கிளைகள். கொத்து இல்லை என்றால் புதிதாக உருவாக்கு. வேறு பிழை என்றால் வெளியேறு. கிடைத்த கொத்து ஏற்கெனவே நம் செஷன் கொத்தாகவே இருந்தால் செய்ய ஒன்றுமில்லை, திரும்பு. மற்றபடி நிறுவு. நான்காவது கிளையில் நிறுவும் ஃபங்ஷன் தனக்கென்று இன்னொரு பிடியைப் போட்டுக்கொள்ளும், ஆகவே முடிவில் தேடலில் கிடைத்த பிடியை விட ஒரு கீ_புட் சரியாகவே இருந்தது.

மூன்றாவது கிளையைப் பாருங்கள். அங்கே விடையைப் பூஜ்ஜியமாக்கி, எர்ரர்2 என்ற லேபிளுக்கு (நிரலில் தாவிச் சேரப் பெயரிட்ட இடம்) தாவுகிறது. எர்ரர்2 மியூட்டெக்ஸைத் திறக்கும், அடையாளப் பிரதியைக் கைவிடும், அவ்வளவுதான். முதல் இரண்டு கிளைகள் தோல்வியுற்றபோதும் அதே லேபிளுக்குத்தான் வருகின்றன, ஆனால் அவற்றின் கையில் கொத்து எதுவும் இல்லை, விட வேண்டியதும் இல்லை. மூன்றாவது கிளையின் கையில் ஒரு பிடி இருக்கிறது. வெற்றியான ஒரு விளைவு தோல்விக்கான வாசல் வழியே வெளியேறியது. வாசிப்பவர் கண்ணுக்கு 'பிழை வழி' என்று தெரிந்ததும், அங்கே ஏற்கெனவே துப்புரவு நடக்கிறது என்ற நம்பிக்கையில் மனம் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.

ஒவ்வொரு முறை இந்தக் கிளை ஓடும்போதும் எண்ணிக்கை ஒன்று கூடும், குறையவே குறையாது. அந்த எண் 32 பிட் அகலம். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 முறை கூட்டினால் சுற்றி வந்து பூஜ்ஜியமாகும். ஒரு சிஸ்டம் காலைத் திரும்பத் திரும்ப அழைப்பதுதான் வேலை என்பதால் இது எட்டாத எண்ணும் அல்ல. கண்டுபிடித்தவர்கள் வெளியிட்ட அளவின்படி இன்டெல் கோர் ஐ7-5500 செயலியில் சுமார் அரை மணி நேரம் போதும். பூஜ்ஜியம் ஆனதும் சாவியை யாரும் பயன்படுத்தவில்லை என்று நம்பிக் குப்பை சேகரிப்பான் அதன் நினைவகத்தை விடுவித்துவிடும். பிராசஸோ இன்னும் அந்த இடத்தைச் சுட்டிக்கொண்டிருக்கும். விடுவித்த இடத்தில் தாக்குபவர் தன் தரவை நிரப்பினால், கெர்னல் அதைச் சாவி என்றே எண்ணி, அதிலுள்ள ஃபங்ஷன் சுட்டியைப் பின்பற்றிப் போகும்.

இந்தக் கசிவைக் கெர்னலின் கசிவு கண்டறியும் கருவியான கேமெம்லீக் சொல்லாது. எல்லாச் சாவிகளும் வரிசை எண்படி ஒரு மரத்தில் கோக்கப்பட்டிருக்கின்றன. அந்த மரத்திலிருந்து எட்ட முடிகிற நினைவகம் கேமெம்லீக்கின் பார்வையில் கசிந்ததே அல்ல. எண்ணிக்கை தவறுவதைப் பார்க்க வேறு இடம் இருக்கிறது: கெர்னலின் உள்நிலையைக் கோப்புகளாகக் காட்டும் பிராக் கோப்பு முறைமையில் உள்ள 'கீஸ்' என்ற கோப்பு. அதில் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு வரி. முதல் பத்தி வரிசை எண், இரண்டாவது நிலைக்கொடிகள், மூன்றாவது யூசேஜ். சிறிய சி நிரல் ஒன்று ஒரே பெயரில் 100 முறை செஷனில் சேரச் சொல்லி, முன்னும் பின்னும் இந்த மூன்றாவது பத்தியை ஒப்பிட்டால் போதும். திருத்திய கெர்னலில் எண் அசையாது, திருத்தாததில் நூற்றை ஒட்டி ஏறியிருக்கும். அடையாளப் பிரதிகளை விடுவிப்பது சற்றுத் தாமதமாக நடக்கும். ஆகவே நிரல் முடிந்த அதே நொடியில் வாசித்து ஏமாறாமல், ஓரிரு விநாடி விட்டு வாசிக்க வேண்டும்.

திருத்தம் எங்கே நிற்க வேண்டும்

2016 ஜனவரியின் திருத்தம் மூன்றாவது கிளைக்குள் கீ_புட் வரியைச் சேர்த்தது. அவசரத்துக்கு அதுவே சரி. பாதுகாப்புத் திருத்தம் சிறியதாக இருந்தால்தான் பழைய பதிப்புகளுக்கெல்லாம் தடையின்றிப் போகும். ஆனால் அதே ஃபங்ஷனில், பத்து வரி தள்ளி, அதே பிழை இன்னொரு முறை உட்கார்ந்திருந்தது. நான்காவது கிளையில் நிறுவுதல் தோற்றால் நிரல் எர்ரர்2-க்குத்தான் தாவும். அப்போதும் பிடி விடப்படாது. அந்த நேரத்தில் நிறுவும் ஃபங்ஷன் அந்த வழியில் தோற்க வாய்ப்பே இல்லை என்பதால் ஆபத்து எழவில்லை. இதையும் கெர்னல் நிரலாளர் எரிக் பிகர்ஸ் பிற்பாடு திருத்தினார். அவர் எர்ரர்3 என்று புதிய லேபிளைப் போட்டு, கீ_புட்டை அங்கே வைத்து, பிடி கையில் உள்ள இரண்டு வழிகளையும் அதற்குத் திருப்பிவிட்டார். இப்போது லேபிள்களின் வரிசையே நிலவரத்தைச் சொல்கிறது: எர்ரர்3-இல் பிடியும் பூட்டும் பிரதியும் கையில், எர்ரர்2-இல் பூட்டும் பிரதியும், கடைசியில் பிரதி மட்டும்.

இரண்டு திருத்தங்களில் இரண்டாவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. முதலாவது ஒரு பிழையை மூடியது. இரண்டாவது அந்தப் பிழையை மறுபடி எழுதுவதைக் கடினமாக்கியது. ஒரு பேட்சை, அதாவது நிரலில் ஒட்டும் திருத்தத்தை, சரிபார்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி 'இந்த வரி சரியா' என்பதல்ல, 'இதே லேபிளுக்கு வேறு யார் தாவுகிறார்கள், அவர்கள் கையில் என்ன இருக்கிறது' என்பதே. காகிதத்தில் செய்யலாம். இடது பக்கம் ஃபங்ஷன் பிடிக்கும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள்: நினைவகம், பூட்டு, பிடி, பிரதி. மேலே ஒவ்வொரு வெளியேறும் வழியையும் எழுதுங்கள். கட்டங்களை நிரப்பிக்கொண்டு வந்தால் காலியாக நிற்கும் கட்டம்தான் பிழை. ஜாயின்_செஷன்_கீரிங்குக்கு இந்த அட்டவணை போட ஐந்து நிமிடம் ஆகாது.

2017-இல் வெளிவந்த சிவிஇ-2017-7472 இதன் உடன்பிறப்பு. கேட்டுப் பெறும் சாவிகளை இயல்பாக எந்தக் கொத்தில் சேர்க்க வேண்டும் என்று அமைக்கும் கீசிடிஎல் கட்டளையில், திரெட் கொத்தைக் கேட்டால், கெர்னல் புதிதாகத் திரெட் கொத்து ஒன்றை உருவாக்கிப் பழைய சுட்டியின் மேலேயே எழுதிவிடும். ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று பார்க்காது. பழைய கொத்தின் பிடி அநாதையாகிவிடும். அந்த அழைப்பை முடிவில்லாச் சுழலில் போட்டால் கெர்னல் நினைவகம் தீர்ந்துபோகும். 200 சாவி என்ற வரம்பு தடுத்திருக்காதா என்று கேட்கலாம். தடுக்காது. திரெட் கொத்துகள் வரம்பை மீற அனுமதிக்கும் கொடியோடுதான் உருவாக்கப்படுகின்றன. பக்கத்திலேயே இருந்த பிராசஸ் கொத்து ஃபங்ஷன், கொத்து இருந்தால் 'ஏற்கெனவே உள்ளது' என்று பிழை தந்தது. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு ஃபங்ஷன்களுக்கு இரண்டு வழக்கம். திருத்தம் இரண்டையும் ஒரே வழக்கத்துக்குக் கொண்டுவந்தது: கொத்து இருந்தால் பூஜ்ஜியம் தந்து பேசாமல் திரும்பு.

எண்ணும் முறையே 2017-இல் மாறியது. பல திரெட்டுகள் ஒரே நேரத்தில் தொட்டாலும் கணக்குக் குழம்பாத வெறும் அணு எண்ணுக்குப் பதிலாக ரெஃப்கவுண்ட்_டி என்ற தனி வகை கெர்னலுக்குள் வந்தது, சாவியின் யூசேஜும் அதற்கு மாறியது. அது எல்லையைத் தாண்டினால் பூஜ்ஜியத்துக்குச் சுற்றி வராது, ஓர் உச்ச நிலையில் ஒட்டிக்கொண்டு எச்சரிக்கை அச்சிடும். அதன் பிறகு அந்தச் சாவி விடுவிக்கப்படவே மாட்டாது. அதாவது ரூட் அதிகாரம் பறிபோகும் பிழை, கொஞ்சம் நினைவகம் வீணாகும் பிழையாக இறங்குகிறது. இது பெரிய பாதுகாப்பு. ஆனால் பிடியை விட மறந்த வரி மறந்தபடியேதான் இருக்கும். மறுபக்கம், ஒரு முறை அதிகமாக விட்டால் யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கும் சாவி நிஜமாகவே விடுவிக்கப்படும். எண்ணிக்கை அப்போது முறையாகவே பூஜ்ஜியத்தைத் தொடுகிறது, அந்த வகையால் அதைத் தடுக்க முடியாது. கசிவைத் திருத்தும் அவசரத்தில் கீ_புட்டை இரண்டு இடத்தில் சேர்ப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

பார்த்ததற்கும் எடுத்ததற்கும் நடுவில்

சிவிஇ-2015-7550 வேறு வகை. சாவியைப் படிக்கும் கீசிடிஎல் கட்டளை முதலில் சாவி செல்லுமா என்று பார்த்தது, பிறகு சாவியின் செமஃபோரை (அதைக் காக்கும் பூட்டு) பிடித்தது, பிறகு படித்தது. பார்த்த பிறகும் பிடிப்பதற்கு முன்பும் உள்ள நூலிழை இடைவெளியில் இன்னொரு திரெட் சாவியை ரத்து செய்தால், உள்ளடக்கச் சுட்டி வெறுமையாகிவிடும். 'யூசர்' வகையின் படிக்கும் ஃபங்ஷனோ, ரத்தாகாத சாவியில் உள்ளடக்கம் நிச்சயம் இருக்கும் என்று நம்பி வெறுஞ்சுட்டியைப் பின்தொடர்ந்தது. கெர்னல் விழுந்தது. திருத்தம், சோதனையைச் செமஃபோர் பிடித்த பிறகு செய்யும்படி இடம் மாற்றியதுதான். முதல் பதிப்பிலிருந்தே இருந்த பிழையாக இருக்கலாம் என்று திருத்தக் குறிப்பே சொல்கிறது.

அந்தச் செமஃபோரே பிறகு இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. செமஃபோரைப் பிடித்தபடியே, படித்த தரவைப் பயனரின் நினைவகத்துக்கு நகல் எடுத்தார்கள். பயனரின் பக்கம் நினைவகத்தில் இல்லாவிட்டால், அதைக் கொண்டுவர நினைவக வரைபடத்தின் பூட்டு தேவைப்படும். வேறொரு வழியில் அந்தப் பூட்டைப் பிடித்தவர் சாவியின் பூட்டுக்காகக் காத்திருக்கலாம். இரண்டு பேரும் காத்தே கிடப்பார்கள். பூட்டு வரிசையைக் கண்காணிக்கும் லாக்டெப் கருவி இயங்கும்போது சாவி வசதிக்கான பயனர் கருவித் தொகுப்பான கீயுடில்ஸின் சோதனைத் தொகுதியை ஓட்டியதில் இந்த வட்டம் வெளிப்பட்டது. 2020-இல் கெர்னல் நிரலாளர் வெய்மன் லாங் இதைத் திருத்தினார். சாவி வகைகளின் படிக்கும் ஃபங்ஷன்கள் இனிப் பயனர் நினைவகத்தைத் தொடாது. கெர்னலுக்குள் ஒரு தற்காலிக இடத்தில் எழுதும். செமஃபோரை விட்ட பிறகுதான் பயனருக்கு நகல் போகும். இடம் ஒதுக்கிய பிறகு சாவி பெரிதாக மாற்றப்பட்டிருந்தால்? அதற்கும் சுழல் போட்டு, தேவையான அளவு கேட்டு, புது இடம் ஒதுக்கி, மறுபடி படிக்கிறார்கள்.

தற்காலிக இடம் என்றதும் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. அதில் இருப்பது கடவுச்சொல்லோ மறையாக்கச் சாவியோ. விடுவிக்கும்முன் துடைத்தாக வேண்டும். நினைவகத்தை நிரப்பும் மெம்செட் ஃபங்ஷனைப் போட்டுத் துடைத்துவிட்டு உடனே விடுவித்தால், 'இனி யாரும் படிக்கப்போவதில்லையே' என்று கம்பைலர் அந்தத் துடைப்பையே நீக்கிவிடலாம். அதற்காகத்தான் மெம்ஜீரோ_எக்ஸ்ப்ளிசிட் இருக்கிறது, அதைக் கம்பைலர் நீக்காது. கேவிஃப்ரீ_சென்சிடிவ், கேஃப்ரீ_சென்சிடிவ் என்ற பெயர்களில் துடைத்து விடுவிக்கும் ஃபங்ஷன்களும் 2020-இல் வந்தன. சாவி நிரலில் துடைக்காமல் விடுவிக்கும் வெறும் கேஃப்ரீ எங்கே கண்ணில் பட்டாலும் நின்று, அதில் இருந்தது ரகசியமா என்று பார்க்க வேண்டும். பிழை வழிகளிலும் இதே கண்டிப்பு வேண்டும். பாதி நகல் எடுத்துத் தோற்ற இடத்திலும் அந்தப் பாதி ரகசியம்தானே.

இரண்டு இடத்தில் எழுதிய ஒரே உண்மை

ரிக்வெஸ்ட்_கீ, சாவி இல்லையென்றால் பயனர் பக்கத்தில் ஒரு உதவி நிரலை எழுப்பி உருவாக்கச் சொல்லும். உதவி நிரல் தோற்றால், 'இல்லை' என்பதையே ஒரு எதிர்மறைச் சாவியாகக் குறித்துவைக்கும், அடுத்த முறை அதே தேடலில் நேரம் போகாதிருக்க. அந்தப் பிழை எண்ணைச் சாவியின் தரவுப் பகுதியிலேயே, வேறொன்றோடு இடத்தைப் பங்குபோட்டு வைத்திருந்தார்கள். சாவிக்கொத்து வகைக்கு அதே இடத்தில் பெயர்ப் பட்டியலின் இணைப்பு இருந்தது. கொத்து ஒன்றைக் கேட்டு, உருவாக்கம் தோற்று, பிறகு குப்பை சேகரிப்பான் வந்தால், பிழை எண்ணைப் பட்டியல் இணைப்பு என்று எண்ணிப் பிரிக்கப்போய்க் கெர்னல் விழும். மூன்று கீசிடிஎல் கட்டளைகளில் நடந்துவிடும். சிவிஇ-2015-7872 இதுதான். அப்போதைய திருத்தம், உருவாகாத சாவிக்கு அழிக்கும் ஃபங்ஷனை அழைக்காதே என்று சொன்னது.

ஆனால் 'உருவாகியது', 'எதிர்மறை' என்ற இரண்டும் தனித்தனிக் கொடிகள், பிழை எண் இன்னொரு இடம். ஒரு திரெட் எதிர்மறைச் சாவியைப் புதுப்பித்து நல்ல சாவியாக்கும்போது, இன்னொன்று அவற்றைப் பாதி பழையதும் பாதி புதியதுமாகப் படிக்க முடிந்தது. 2017 அக்டோபரில் வந்த திருத்தம் (சிவிஇ-2017-15951) மூன்றையும் ஒரே புலமாக்கியது. பூஜ்ஜியம் என்றால் உருவாகவில்லை, ஒன்று என்றால் நல்ல சாவி, எதிர்ம எண் என்றால் அதுவே பிழை எண். எழுதும்போதும் படிக்கும்போதும் நினைவக வரிசையைக் காக்கும் தடைகளோடு. உள்ளடக்கம் முழுதும் எழுதி முடிந்த பிறகே நிலை மாறும், நிலையைப் பார்த்தவர் உள்ளடக்கத்தையும் புதிதாகவே பார்ப்பார். இடப்பங்கீட்டையும் அது ஒழித்தது. கெர்னலில் இவ்வளவு அழகான திருத்தம் அடிக்கடி வருவதில்லை.

வாசல்களிலும் சில. பெயர் புள்ளியில் தொடங்கும் கொத்துகள் கெர்னலுக்கே உரியவை, பயனர் அப்பெயரில் உருவாக்கக் கூடாது என்று ஒரு காவல் போட்டார்கள். ஆனால் செஷனில் சேரும் கட்டளையில் போட மறந்தார்கள், மேலே பார்த்த அதே ஃபங்ஷன்தான். ரூட் பிராசஸ் ஒன்று மாட்யூல் கையொப்பச் சாவிகள் உள்ள கொத்தையே தன் செஷன் கொத்தாக்கிக்கொள்ள முடிந்தது. ஆக்கியதும் அது 'வசம்' ஆகிவிடும், எழுதும் அனுமதியும் கூடவே வரும், தன் சொந்தப் பொதுச் சாவியை அதில் சேர்த்துக் கையொப்பச் சோதனையைத் தாண்டலாம் (சிவிஇ-2016-9604). இன்னொன்று, ஆட்_கீயில் உள்ளடக்கச் சுட்டியை வெறுமையாகவும் நீளத்தைப் பெரிதாகவும் கொடுத்தால், சுட்டி இல்லை என்று நகலெடுப்பதைத் தவிர்த்துவிட்டு, நீளத்தை மட்டும் சாவி வகைக்குக் கடத்தியது. எல்லாரும் சோதித்துப் பார்க்கும் 'யூசர்' வகை வெறுஞ்சுட்டியைத் தானே மறுத்துவிடும். 'அசிமெட்ரிக்' போன்ற வகைகள் மறுக்கவில்லை (சிவிஇ-2017-15274). திருத்தம், சுட்டிக்குப் பதில் நீளத்தைப் பார்த்து நகலெடுக்க முடிவு செய்தது. அப்போது நகலெடுப்பதே தோற்று 'தவறான முகவரி' என்ற பிழை இயல்பாகத் திரும்பும்.

பேட்சைச் சோதிப்பது

கண்ணால் வாசித்த பிறகு, சோதனைக் கெர்னலில் கேசான், லாக்டெப், ஃபால்ட் இன்ஜெக்‌ஷன் மூன்றையும் இயக்கிக் கட்டுங்கள். கேசான், விடுவித்த நினைவகத்தைத் தொடுவதைப் பிடிக்கும். ஃபால்ட் இன்ஜெக்‌ஷன், வேண்டுமென்றே தோல்விகளை உண்டாக்கும். மெய்நிகர் கணினியில் கீயுடில்ஸின் சோதனைத் தொகுதியையும், லினக்ஸின் பொதுச் சோதனைத் தொகுதியான எல்டிபியில் ஆட்_கீ, ரிக்வெஸ்ட்_கீ, கீசிடிஎல் சோதனைகளையும் ஓட்டுங்கள். மேலே சொன்ன பழைய பிழைகளில் பலவற்றுக்கு எல்டிபியில் தனிச் சோதனையே உண்டு. படிப்பதற்கும் ரத்துக்கும் இடையிலான போட்டி கீசிடிஎல்02-இல், திரெட் கொத்துக் கசிவு கீசிடிஎல்04-இல், வெறுஞ்சுட்டி ஆட்_கீ02-இல். போட்டிப் பிழைகளின் சோதனை ஒரு முறை தேறினால் போதாது. இரண்டு சிபியுவுக்குக் குறையாத கணினியில் நூற்றுக்கணக்கான முறை ஓட வேண்டும்.

பிழை வழிகளைச் சோதிக்க என் முதல் தேர்வு ஃபால்ட் இன்ஜெக்‌ஷனின் ஃபெயில்-என்த் கோப்பு. பிராக் கோப்பு முறைமையில் திரெட்டுக்குரிய அந்தக் கோப்பில் 1 என்று எழுதிவிட்டுச் சிஸ்டம் காலை அழைத்தால், உள்ளே நடக்கும் முதல் ஒதுக்கீடு தோற்கும். 2 எழுதினால் இரண்டாவது தோற்கும். எதுவும் தோற்காமல் அழைப்பு முடியும் வரை எண்ணை ஏற்றிக்கொண்டே போனால், அந்தச் சிஸ்டம் காலின் ஒவ்வொரு நினைவகத் தோல்வியும் ஒரு முறை நடந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் பிறகு 'கீஸ்' கோப்பின் மூன்றாவது பத்தியையும், பயனர்வாரிக் கணக்கு சொல்லும் 'கீ-யூசர்ஸ்' கோப்பையும் பார்க்க வேண்டும். கெர்னல் விழாமலே, எச்சரிக்கை ஏதும் வராமலே, எண் மட்டும் ஒன்று கூடி நின்றால் அங்கே ஒரு பிடி விடாமல் போயிருக்கிறது.

பேட்ச் அனுப்பும்போது ஒரு பேட்சில் ஒரு வேலை மட்டும். லேபிளைப் பெயர் மாற்றுவதையும் கசிவை அடைப்பதையும் கலந்தால், பழைய பதிப்புக்கு எடுத்துச் செல்பவர் திணறுவார். குறிப்பில், எந்த அழைப்பு, எந்தக் கிளை, எவர் கையில் எந்தப் பிடி என்று எழுதி, பிழையைக் காட்டும் மிகச் சிறிய நிரலையும் சேருங்கள். பிழையைக் கொண்டுவந்த மாற்றத்தை 'ஃபிக்ஸஸ்' வரியில், அதன் அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளோடும் தலைப்போடும் சுட்டுங்கள். எந்தப் பழைய பதிப்பு வரை போக வேண்டும் என்பதை நிலைப்பதிப்புக் குழு அதை வைத்துத்தான் தீர்மானிக்கும்.

பழைய பதிப்பில் பேட்ச் சண்டையில்லாமல் ஒட்டிக்கொண்டாலும் ஃபங்ஷன் முழுவதையும் திறந்து வாசியுங்கள். 'எர்ரர்2-க்குத் தாவு' என்ற வரி இரண்டு பதிப்பிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கலாம். ஆனால் எர்ரர்2 எதை விடுகிறது என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கும். புதிதில் லேபிள் விட்டுவிடும் பிடியைப் பழையதில் யாருமே விடாமல் இருக்கலாம், அல்லது இரண்டு பேர் விடலாம். பேட்சை ஒட்டும் பதிப்புக் கருவியான கிட் அதைக் கண்டுகொள்ளாது. அங்கேயும் அதே அட்டவணையைப் புதிதாகப் போட்டுப் பார்த்த பிறகே கையொப்பமிட வேண்டும்.